பூச்சு வேலைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்: வயரா, வயர்லெஸ்ஸா?

வணக்கம். திருச்சியில் மாடியோடு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். விளக்குகள் தானாக இயங்கும் ஸ்மார்ட் ஹோம் வசதி வைக்க ஆசை. சுவரை வெட்டி பைப் பதிக்கும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. பூச்சு முடிந்துவிட்டால் மறுபடி உடைக்க மனசு வராது.

கேஎன்எக்ஸ் மாதிரி வயர் முறை என்றால் சுவிட்ச், சென்சார்களை இணைக்கும் தனி வயரை (பஸ் கேபிள்) இப்போதே இழுத்துவிட வேண்டும், செலவும் அதிகம். ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறை என்றால் மலிவு. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஒழுங்காகப் போகுமா? வைஃபையும் அதே அலைவரிசைதானே!

எப்படியிருந்தாலும், ஸ்மார்ட் சுவிட்சுக்குத் தேவைப்படலாம் என்று எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர் இழுக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி எழுந்தால் பாத்ரூம் வரை விளக்கு தானாக எரிய வேண்டும், நெட் இல்லாவிட்டாலும். எனக்கு அதுதான் முக்கியம்.

நாலைந்து வருடம் பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.