பைபாஸுக்குப் பின் எக்கோவில் ‘வலது பக்கம் குறைவு’: யாருக்காவது வந்ததா?

உசிலம்பட்டிக்காரன்
அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து, மறுபரிசோதனைக்காக மதுரைக்குப் போயிருந்தோம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது பக்கம் நன்றாக இருக்கிறது. கீழே ஒரு வரி: ‘டேப்ஸி 11 மி.மீ., வலது கீழறைச் செயல்பாடு குறைவு.’ அறுவைக்கு முன் அது 21. லிஃப்ட்டில் கூட்டம் என்று அப்பா படியிறங்கிப் போய் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருந்தார். எனக்குத்தான் கை நடுங்கியது. மருத்துவர் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. நீர் கோத்திருக்கிறதா என்று அப்பாவைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்து ரத்தக்குழாயைப் பார்த்தார், கணுக்காலை அமுக்கினார். “நெஞ்சைத் திறந்தால் இது இறங்கத்தான் செய்யும், போய் வாருங்கள்” என்றார். பாதியாகக் குறைந்ததற்கு இவ்வளவுதானா பதில்?

மேலூர் மருமகள்
தம்பி, வடை தின்றார் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். என் மாமியாருக்கு மைட்ரல் வால்வு மாற்றினார்கள். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம். நுரையீரல் அழுத்தம் ஏற்கெனவே அதிகம். வீடு திரும்பியபின் உட்கார்ந்து வெங்காயம்கூட உரித்தார். ஒருநாள் கால் நகம் வெட்டிவிடப் போனபோதுதான் பார்த்தேன், மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. சோப்புப் போட்டும் கழலவில்லை. ஆசாரியை வரவழைத்து வெட்டி எடுத்தோம். மாமா உயிரோடு இருக்கையில் மெட்டியை வெட்டுவதா என்று அப்படி அழுதார்! இதயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுநாளே மருத்துவமனையில் சேர்த்து, ஊசி போட்டு நீரை இறக்கினார்கள்.

பழைய எக்கோக்காரன்
இரண்டும் ஒன்றல்ல, அம்மா. அவரை ஏன் பயமுறுத்துகிறீர்கள்? வலது பக்கத்து மூவிதழ் வால்வின் விளிம்பு, துடிப்புக்குத் துடிப்பு இதய நுனியை நோக்கி எவ்வளவு நகர்கிறது என்பதுதான் டேப்ஸி. 17-க்குக் கீழே போனால் குறைவு என்று எழுதுவோம். ஆனால் இதய உறையைத் திறந்து அறுவை செய்தபின் நீளவாட்டு அசைவு குறைந்து, குறுக்குவாட்டுச் சுருக்கம் அதை ஈடுகட்டுகிறது. பெரும்பாலோருக்கு வலது கீழறை வெளியேற்றும் ரத்தம் அவ்வளவாகக் குறைவதில்லை. இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர்கூடத் தாறுமாறாக அசையும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது; கீழறையின் பரப்பளவு மாற்றத்தையும் நுரையீரல் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு நடந்தது வேறு: பல வருடம் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிக் களைத்த கீழறை அது.

எனக்கும் பைபாஸ் ஆனது. டேப்ஸி 12. தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன்.

இருவருக்கும் சொல்கிறேன்: காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஓரிரு நாளில் எடை விறுவிறுவென்று ஏறினால் அது சதையல்ல, நீர். கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் நான்கையும் நிறுத்துங்கள். நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். படுத்தால் மூச்சு முட்டினால் காத்திருக்காதீர்கள்.

மேலூர் மருமகள்
கருவாட்டை இங்கே யார் கேட்டார்கள், ஐயா? எங்கள் வீட்டில் அந்த வாடையே கிடையாது. உப்பைக் குறைத்து, மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தும் நீர் ஏறியது. இப்போது அளவைக் கூட்டியிருக்கிறார்கள். பொட்டாசியம் இறங்குகிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தெரிந்தால் எழுதுங்கள்.