போனை எடுத்துப் போய்விட்டார்கள், இப்போது லாக் நம்பரும் கேட்கிறார்கள்

அண்ணாச்சிமாரே, சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அக்கா மகன் வாழைத்தார் வியாபாரம் பார்க்கிறான். போன வாரம் ராத்திரி இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, ஏதோ திருட்டு கேஸ் என்று பீரோவைக் கிளறிவிட்டு அவன் செல்போனை எடுத்துக்கொண்டு போனார்கள். சாட்சி இல்லை, வீடியோவும் எடுக்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் 'செல் 1' என்று எழுதி நீட்டினார்கள். கையெழுத்துகூட இல்லை. தார் கணக்கு பூராவும் அந்த போனில்தான் கிடக்கிறது. இப்போது தினமும் ஸ்டேஷனுக்கு வா, லாக் நம்பரைச் சொல் என்கிறார்கள். எல்லாம் வாய்மொழிதான்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கைது செய்யாமல் விசாரணைக்குக் கூப்பிட அதே சட்டத்தில் 35(3) பிரிவு எழுத்து நோட்டீஸ் இருக்கிறது. அரசியல் சாசனம் 20(3), குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்கிறது. 2010-இல் செல்வி வழக்கில் சம்மதமில்லாத நார்கோ சோதனையை (மருந்து கொடுத்துப் பேசவைப்பது) உச்ச நீதிமன்றம் தடுத்ததும் இதை வைத்துத்தான். லாக் நம்பரும் இதில் அடங்குமா?

போனைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது? 15100-க்கு அடித்தால் இலவச வக்கீல் உதவி என்கிறார்கள். பாளையங்கோட்டை கோர்ட்டில் அப்படி வக்கீல் கிடைத்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள், அவனைத் தனியாக அனுப்ப அக்காவுக்குப் பயம்.