நான்கு வருடப் போன்: மாற்றவா, பேட்டரி போதுமா?

காசிமேடு: விடியற்காலை 3 மணிக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது சார்ஜ் 100. ஐஸ் பெட்டி இறக்குவதற்குள் 15. நேற்று வஞ்சிரத்துக்குப் பணம் வந்ததா என்று பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது, வாங்கியவர் நின்றுகொண்டே இருந்தார். தவணையில் புதுசு எடுக்கலாமா? போஸ்ட்பெய்டு பில்லும் கட்டுப்படியாகவில்லை.

தண்டையார்பேட்டை: அண்ணே, லித்தியம் பேட்டரி சுமார் 500 முறை முழுதாக ஏறி இறங்கினாலே தளரும். அதை மட்டும் மாற்றலாம். ஆனால் செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். நின்று வருடமாகியிருந்தால் போனையே மாற்றுங்கள். பணம் புழங்குகிற போன்.

வண்ணாரப்பேட்டை: பில்லுக்காக நம்பரை விடாதீர்கள். பாக்கியைக் கட்டிவிட்டு 1900க்கு போர்ட் மெசேஜ் அனுப்பி, அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறலாம்.

காசிமேடு: பார்த்தேன், அப்டேட் 2022லேயே நின்றிருக்கிறது. சரி, போனையே மாற்றுகிறேன். நம்பர் மட்டும் அப்படியே இருக்கட்டும், வியாபாரிகள் எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது.