மைக் பொத்தானை அழுத்தினால் ஆயில் பிரஷர் ஏறுகிறது, எஞ்சின் ஓடவே இல்லை

ஈசூன் தும்பி:

வணக்கம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஜெனித் சிஎச் 750 என்ற குட்டி விமானத்தின் கிட் ஒன்றை நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். விமானம் ஜோகூரில் ஒரு சின்ன ஓடுபாதை ஓரத்துக் கொட்டகையில் நிற்கிறது. பேனல் ஒயரிங் என் பொறுப்பு. சிங்கப்பூரில் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு மாதம் அதை வைத்துக் கட்டினேன். ஒருநாள் சோற்றில் கம்பித் துணுக்கு கிடந்தது. வீட்டில் அதை இன்னும் மறக்கவில்லை.

போன சனிக்கிழமை முதல்முறையாக எல்லாவற்றுக்கும் பேட்டரி கொடுத்தோம். ரேடியோ நன்றாகக் கேட்கிறது. ஆனால் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் ஆயில் பிரஷர் 0-இலிருந்து 4 பாருக்குத் தாவுகிறது. விரலை எடுத்தால் திரும்ப 0. எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். ஓடும்போது அதற்கு 2 முதல் 5 பார் வரை இருக்க வேண்டும். ஆக, நின்றுகொண்டிருக்கும் எஞ்சின் ரொம்ப ஆரோக்கியமாக ஓடுவதாகத் திரை சொல்கிறது!

118 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம்தான் தாவுகிறது. 135-க்குப் போனால் மோசம். ஓடுபாதையின் மறுமுனையில் கைரேடியோவோடு நின்ற நண்பர், "குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

பிரஷர் சென்சாரை மாற்றிவிட்டேன், அதன் பின்களையும் புதிதாக கிரிம்ப் செய்துவிட்டேன் (கம்பியில் நசுக்கிப் பிடிக்க வைப்பது). மாற்றமில்லை. ரேடியோ கெட்டிருக்கிறது, புதிது வாங்கலாம் என்கிறார் கூட்டாளி. அடுத்த சனிக்கிழமை விடியுமுன் கடற்பாலத்தைத் தாண்டவேண்டும். எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனால் ஒரு வாரம் போச்சு. என்ன எடுத்துப் போகட்டும்?

கோப்பிக்கடை பைலட்:

சிம் லிம் டவர்ல கிளிப் மாதிரி மாட்டுற ஃபெரைட், அதான் கம்பியில ஏறுற ரேடியோ அலையைத் தடுக்கிற வளையம், கிடைக்கும். சென்சார் கம்பியில ரெண்டு மாட்டுங்க. வேலை முடிஞ்சுது லா.

பழைய ஹாங்கர் ஆள்:

தம்பி, ரேடியோ வாங்காதீங்க. சென்சாரையும் விடுங்க, அது பாவம்.

முப்பத்தோரு வருஷம் விமான ரேடியோவும் மீட்டரும் கழட்டி மாட்டினவன் நான். இந்த மாதிரி வந்த கேஸ்ல பெட்டி கெட்டது ரொம்ப அபூர்வம். உங்க திரை பொய் சொல்லல. வெளியே போகவேண்டிய ரேடியோ அலை உள்ளேயே சுத்துதுன்னுதான் சொல்லுது. 127 மெகாஹெர்ட்ஸ்ல கால் அலை நீளம் சுமார் 59 சென்டிமீட்டர். எஞ்சின் தடுப்புச் சுவர்லேருந்து பேனலுக்கு வர்ற சென்சார் கம்பியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அது பாட்டுக்கு ஆன்டெனாவாகி அலையைப் பிடிக்குது. எஞ்சின் மானிட்டரோட உள்வாசல்ல அது டிசி வோல்டேஜா மாறி, சென்சாரே சொன்ன மாதிரி 4 பார்னு தெரியுது. ஃபெரைட் போட்டா மீட்டர் காதைப் பொத்தலாம். குடத்துக்குள்ள பேசுற குரல் அப்படியேதான் இருக்கும்.

சனிக்கிழமை ஒரே ஒரு சாமான் கண்டிப்பா வேணும்: 50 ஓம் டம்மி லோடு. ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டினா, அலையை வெளியே விடாம சூடாக்கித் தின்னுடும். 10 வாட் தாங்கினாப் போதும். ஆன்டெனாவைக் கழட்டி, கேபிளோட அந்த முனையில இதை மாட்டுங்க. ரேடியோ முதுகுல இல்ல, ஆன்டெனா முனையில. பொத்தானை அழுத்துங்க. பிரஷர் 0-லயே நின்னா ரேடியோ, கரண்டு கம்பி, எர்த், கேபிள், கிரிம்ப் எல்லாம் சுத்தம். குற்றவாளி ஆன்டெனா, இல்லாட்டி அது உட்கார்ந்திருக்கிற இடம். அப்பவும் தாவினா, டம்மி லோடை ரேடியோவோட பின்பக்கமே மாட்டிப் பாருங்க. இப்ப நின்னுட்டா கோளாறு கேபிள்ல. நிக்கலைன்னா ரேடியோவோட எர்த், மைக் வயர். மூணு நிமிஷ வேலை. இதைச் செய்யாம சாமான் மாத்துறது, ஜுரம் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை மாத்துற கதை.

என் ஊகத்தையும் சொல்லிடறேன். ஜெனித் முழுக்க அலுமினியத் தகடு. நம்ம ஊர் ஈரத்துக்குப் பயந்து உள்ளேயும் வெளியேயும் பிரைமர் அடிச்சிருப்பீங்க. ஆன்டெனா குச்சி பாதிதான், அது உட்கார்ற தகடுதான் மீதிப் பாதி. நடுவுல பெயிண்ட் இருந்தா அந்த மீதிப் பாதி இல்லாத மாதிரி. அப்ப அது கேபிளோட வெளிப் பின்னலை, அதான் ஷீல்டை, அந்த மீதிப் பாதியா எடுத்துக்கும். கேபிள் எங்க போகுது? உங்க மடிக்கு மேல, பேனலுக்குள்ள.

மல்டிமீட்டரை வச்சு 'பீப்' கேட்டுட்டு எர்த் இருக்குன்னு திருப்திப்படாதீங்க. ஒரே ஒரு ஸ்க்ரூ மரை தொட்டாலும் பீப் அடிக்கும். ஆன்டெனா அடித்தளத்துக்கும் தகடுக்கும் 2.5 மில்லி ஓமுக்குள்ள இருக்கணும்னு எங்களுக்குக் கணக்கு. மீட்டரோட கம்பி மட்டுமே அதைப்போல அம்பது மடங்கு காட்டும். 1 ஆம்பியர் ஓடவிட்டு, மூட்டுக்குக் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்க. 2.5-க்குள்ள வரணும். நான் ஒருதடவை இதே மாதிரி ஒரு கேஸுல மூணு ராத்திரி, ரெண்டு பெட்டி மாத்தி, கடைசியில ஒரு வாஷருக்கு அடியில பெயிண்டைக் கண்டுபிடிச்சேன். அன்னிக்கு வாங்கின திட்டு இப்பவும் காதுல கேக்குது.

அரை அலை:

அண்ணன் சொன்னதுதான் சரியான வரிசை. அமெச்சூர் ரேடியோ பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன். எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் அலையில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) பார்க்க 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோ மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கிப் போகாதீர்கள், உங்கள் ரேடியோ ஓடும் விஎச்எஃப் அலைவரிசையில் அது சொல்வதை நம்ப முடியாது. நானோவிஎன்ஏ என்ற சின்ன ஆன்டெனா அளக்கும் கருவி போதும். 118 முதல் 137 வரை ஓடவிட்டுப் படம் எடுங்கள். 3 வந்தால் நீங்கள் அனுப்பும் 8 வாட்டில் 2 வாட் திரும்பி வருகிறது என்று அர்த்தம். ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே அளக்கவும். நீளமான கேபிள், திரும்பி வருவதையும் கொஞ்சம் தின்றுவிட்டு நல்ல பிள்ளை மாதிரி எண் காட்டும்.

ஆன்டெனாவும் இல்லாமல் டம்மி லோடும் இல்லாமல் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். அப்புறம் கூட்டாளி சொன்னபடி நிஜமாகவே ரேடியோ வாங்க வேண்டிவரும்.

கோப்பிக்கடை பைலட்:

சரி சரி, என் ஃபெரைட் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

ஈசூன் தும்பி:

நேற்று போய் வந்தேன். டம்மி லோடை ஆன்டெனா முனையில் மாட்டினோம். 118, 127, 136 எல்லாவற்றிலும் பிரஷர் 0. கூட்டாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆன்டெனாவின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அடியில் பச்சை பிரைமர், ஒரு கீறல்கூட இல்லாமல், அடித்த அன்று இருந்த அதே மினுமினுப்பு. உள்ளே கொடுத்த தடித்த தகட்டுக்கும் இரண்டு பக்கமும் பிரைமர். அடித்தவன் வேறு யார், நான்தான்! 1 ஆம்பியர் விட்டபோது 41 மில்லிவோல்ட். மல்டிமீட்டர் மட்டும் ஜோராக பீப் அடித்தது.

அடித்தளம் உட்காரும் அளவுக்கு மட்டும் வெறும் அலுமினியம் தெரியும்வரை தேய்த்தோம். கையுறை போட்டு, அலுமினியம் அரிக்காமல் காத்து மின்சாரத்தையும் விடும் அலோடைன் திரவம் தடவி, காயவிட்டு மாட்டினோம். மழைநீர் இறங்காமல் வெளி விளிம்பில் மட்டும் சீலன்ட். இப்போது 2 மில்லிவோல்ட். 135-இல் எஸ்டபிள்யூஆர் முன்பு 3.4, இப்போது 1.6. மறுமுனை நண்பர், "குடத்துலேருந்து வெளியே வந்துட்டே" என்றார்.

ஒன்றே ஒன்று பாக்கி. 136-க்கு மேல் பிரஷர் 0.1 என்று லேசாக மினுக்குகிறது.

பழைய ஹாங்கர் ஆள்:

நல்லா செஞ்சிருக்கீங்க. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ஆன்டெனா கேபிளையும் சென்சார் கம்பியையும் சேர்த்து ஒரே கட்டா கட்டியிருக்கீங்களா?

ஈசூன் தும்பி:

ஆமாம் அண்ணே. பேனலுக்குப் பின்னால் ஒரு மீட்டர் நீளத்துக்கு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டை போட்டு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. அடுத்த சனிக்கிழமை கத்தரி எடுத்துப் போகிறேன்.

கோப்பிக்கடை பைலட்:

பிரிச்ச பிறகும் மினுக்கினா ஃபெரைட் மாட்டலாமா அண்ணே?

பழைய ஹாங்கர் ஆள்:

அப்ப மாட்டலாம்.