இனமா, மதமா? ‘சமயக்குடி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கட்டுரைகளுக்கான சொற்களைப் பேசும் இந்த மடல் இழையைத் தொடங்கிய தம்பி கேட்டது ஒரே வரிதான்: வடக்கு ஈராக்கிலும் ஆர்மீனியாவிலும் வாழும், தனிச் சமயம் கொண்ட யசீதிகளை இனம் என்று எழுதுவதா, மதம் என்று எழுதுவதா? அதற்குள் எட்டு மடல்கள் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் ‘எத்னோரிலிஜியஸ்’ என்று இரண்டையும் ஒட்டிவிடுகிறார்கள். நாமும் அப்படியே ஒட்டுவதா, வேறு சொல் பார்ப்பதா என்பதில்தான் பேச்சு நிற்கிறது. என் பரிந்துரை ‘சமயக்குடி’. எதற்காக என்பதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘இனம்’ என்ற சொல்லின் தலையில் நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமத்திவிட்டோம். உயிரியலில் அது ஒரு பொருள் தருகிறது, அரசியலில் வேறொன்று. தோல் நிறத்துக்கும் அதுவே, மொழிவழி மக்களுக்கும் அதுவே. மேற்காசியச் செய்தி என்று வந்தால் இது பெரிய பிழையில் கொண்டுபோய் விடுகிறது. ‘ஈராக்கில் ஷியா, சுன்னி, குர்து ஆகிய மூன்று இனத்தவர் வாழ்கின்றனர்’ என்ற வாக்கியத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இதழுக்காக நானே அப்படி எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்த பிறகுதான் உறுத்தியது. ஷியாவும் சுன்னியும் இஸ்லாத்தின் பிரிவுகள். குர்து என்பது மொழியாலும் மரபாலும் அமைந்த மக்கள். அந்தக் குர்தியரில் மிகப் பெரும்பாலோர் சுன்னிகள், அதிலும் ஷாஃபி என்ற சட்ட வழியினர். அப்படியானால் ஒரு சுன்னிக் குர்தியரை எந்த வரிசையில் எண்ணுவது?

‘அரபு’ என்ற ஒரு சொல் விடுபட்டதுதான் காரணம். 2003க்குப் பிறகு ஈராக்கில் குடியரசுத் தலைவர் பதவி குர்தியருக்கும், பிரதமர் பதவி ஷியா அரபியருக்கும், நாடாளுமன்ற அவைத்தலைவர் பதவி சுன்னி அரபியருக்கும் என்று வழக்கம் வந்தது. அதைச் செய்தியாளர்கள் சுருக்கப்போய் இப்படி ஆகிவிட்டது. ‘ஷியா அரபியர், சுன்னி அரபியர், குர்தியர்’ என்று எழுதினாலே பாதிப் பிழை போய்விடும்.

மீதிப் பாதி ஃபைலிக் குர்தியரிடம் இருக்கிறது. பேச்சால் குர்தியர், சமயத்தால் ஷியாக்கள். பாக்தாதிலும் ஈரான் எல்லையை ஒட்டிய கானகீன் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். 1980இல் சதாம் அரசு 666ஆம் எண் ஆணையைப் போட்டு, ‘ஈரானிய வழிவந்தவர்கள்’ என்று சொல்லி இவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. வீட்டையும் கடையையும் பிடுங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஈரான் எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். பாரசீகம் பேசாத மக்களுக்குப் பாரசீகர் என்ற முத்திரை விழுந்தது. ஒரு பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் என்ன சொல் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் நாட்டில் இருப்பதும் இல்லாமல் போவதும் முடிவாகியிருக்கிறது. சொல்லைப் பற்றி இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இதற்காகத்தான் ஐயா.

சரி, நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பஹ்ரைனில், மனாமா சந்தைப் பக்கம் ஒரு மின்சாமான் கடையில் சில ஆண்டுகள் கணக்கு எழுதினேன். கடையின் மூத்த விற்பனையாளர் காலையில் வரும்போது ஈரானி ரொட்டிக் கடையிலிருந்து சுடச்சுட ரொட்டி வாங்கி வருவார். கூடவே ஒரு சின்னப் புட்டியில் மஹ்யாவா. உப்பில் ஊறிய சின்ன மீனை மசாலாவோடு கரைத்த, பழுப்பு நிறக் கூழ் மாதிரியான சாறு. மூடியைத் திறந்தால் நம் ஊர் கருவாட்டுப் பானையைத் திறந்தது போல வாசம் கடை முழுக்கப் பரவும். அதை ரொட்டியில் தடவி எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார். வாடிக்கையாளரிடம் அரபி. அம்மா தொலைபேசியில் அழைத்தால் பாரசீகம், அதுவும் ஈரானின் தெற்குக் கடற்கரையின் பேச்சு. நீங்கள் அரபியரா பாரசீகரா என்று ஒருநாள் கேட்டேன். ‘அஜம்’ என்றார். அரபியில் அரபியர் அல்லாதவரைக் குறிக்கும் பழைய சொல் அது. அங்கே பாரசீக வழிவந்த பஹ்ரைனியரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அவர் ஷியா. பக்கத்துக் கடைக்காரரும் ஷியா, ஆனால் பஹார்னா என்ற, அரபி பேசும் உள்ளூர் மக்களைச் சேர்ந்தவர். முஹர்ரம் வந்தால் இருவரும் கறுப்பு உடுத்துவார்கள், இருவரும் அதே ஹுசைனுக்காகத்தான் அழுவார்கள். ஆனால் இவர் போவது அஜம் மக்களின் மஅத்தத்துக்கு (துக்கம் காக்கக் கூடும் கூடம்), அவர் போவது தம் மக்களின் மஅத்தத்துக்கு. ஒரே துக்கம், ஆனால் ஒரு கூடத்தில் பாரசீகத்தில் ஒப்பாரி, இன்னொன்றில் அரபியில். இது இழையின் ஒரு நுனி. மறு நுனி இதைவிட வியப்பு. அதே ஈரானியக் கரையிலிருந்து வந்த சுன்னிகளைப் பொதுவாக ஹுவலா என்பார்கள். தாங்கள் ஆதியில் அரபியர், அக்கரைக்குப் போய்த் தலைமுறைகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர்கள் என்று அவர்களில் பலர் சொல்வார்கள். ஒரே கடற்கரை. ஷியாவாக வந்தவர் அஜம், சுன்னியாக வந்தவர் அரபியர். இங்கே இனத்தின் பெயரைச் சமயம்தான் எழுதிக் கொடுக்கிறது.

பெயர்கள் இப்படி இனத்திலிருந்து மதத்துக்கும் மதத்திலிருந்து இனத்துக்கும் நழுவுவது நமக்கும் புதிதில்லை. துருக்கர் என்ற இனப்பெயர் தமிழில் துலுக்கர் ஆகி, துருக்கியோடு ஒரு தொடர்பும் இல்லாத முஸ்லிம்களுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. பார்சி என்றால் பாரசீகத்தார் என்றுதான் பொருள். இந்தியாவில் அது ஜரதுஷ்டிர சமயத்தவரின் பெயராகிவிட்டது. ஈரானில் அதே சொல், அரபியில் ‘ப’கர ஒலி இல்லாததால் ஃபார்சி ஆகி, மொழிக்குப் பெயராக நிற்கிறது. இலங்கைக் கணக்கெடுப்பில் தமிழ் பேசும் கிறிஸ்தவரும் இந்துவும் ஒரே கட்டத்தில் தமிழர். தமிழே பேசும் முஸ்லிம் ‘சோனகர்’ என்று வேறு இனம். ஆகவே ‘இனம் என்பது மொழி, மதம் என்பது நம்பிக்கை, இரண்டையும் பிரித்து எழுதினால் போதும்’ என்று முதல் மடல்களில் சொன்ன தீர்வு காகிதத்தில்தான் நிற்கும்.

ஈரானைப் பாருங்கள். நாடாளுமன்றத்தின் 290 இடங்களில் ஐந்து சிறுபான்மையினருக்கு: ஆர்மீனியருக்கு இரண்டு, அசிரியர், கல்தேயர் என்ற கிறிஸ்தவர்கள் சேர்ந்து ஒன்று, யூதருக்கு ஒன்று, ஜரதுஷ்டிரருக்கு ஒன்று. அரசியலமைப்பின்படி இது மதச் சிறுபான்மையினர் பட்டியல். ஆனால் ஆர்மீனியர் என்பது ஓர் இனத்தின் பெயர். ஜரதுஷ்டிரர் என்பது மதத்தின் பெயர், அவர்கள் இனத்தால் பாரசீகர். யூதர் இரண்டும். அப்புறம் அசேரிகள், அரபியர், பலூச்சுகள், குர்தியர் என்று இனத்தால் வேறான பல பத்து லட்சம் பேர் இந்தப் பட்டியலிலேயே இல்லை, அவர்கள் முஸ்லிம்கள் என்பதால். அவர்களுக்குள்ளும் ஒரு பிளவு: அசேரிகளும் குசெஸ்தான் அரபியரும் பெரும்பாலும் ஷியாக்கள், பலூச்சுகள் பெரும்பாலும் சுன்னிகள். பஹாய், யார்சானி என்ற சமயங்களைச் சேர்ந்தவர்களுக்கு எந்தக் கட்டமும் இல்லை.

இப்போது யசீதிகளுக்கு வருகிறேன். பேசுவது குர்மாஞ்சி, அதாவது குர்தியரில் பெரும்பாலோர் பேசும் அதே மொழி. அவர்களுடைய சமயப் பாடல்களும் அதில்தான். மயில் வடிவ வானவரான மெலெக் தாவூசை வணங்குகிறார்கள். வடக்கு ஈராக்கின் லாலிஷ் அவர்களுடைய புனித இடம். யசீதியாகப் பிறக்கத்தான் முடியும், மாறி வர முடியாது. வெளியே மணம் முடித்தவர் வெளியேறியவராகவே கருதப்படுவார். உள்ளுக்குள் ஷேக், பீர், முரீத் என்று பிறப்பு வழிப் பிரிவுகள், அவற்றுக்குள்ளும் கலந்து மணக்கக் கூடாது. இவர்கள் குர்தியரா? ஈராக்கின் குர்திஸ்தான் அரசு ஆம் என்கிறது. யசீதிகளிலும் ஆம் என்பவர் உண்டு. 2014 ஆகஸ்டில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) படை யசீதிகள் வாழும் சிஞ்சாருக்குள் புகுந்தபோது காவலுக்கு நின்ற குர்துப் படைகள் பின்வாங்கின. ஐஎஸ் படையினர் ஆண்களைக் கொன்று, பெண்களை அடிமைகளாக விற்றார்கள். அதன்பிறகு ‘நாங்கள் குர்தியர் இல்லை, யசீதிகள்’ என்று சொல்வோர் அதிகரித்தார்கள். ஆர்மீனியாவிலோ முன்பிருந்தே கணக்கெடுப்பில் யசீதி தனி இனம். 2011 கணக்கில் அங்கே 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் யசீதி என்று பதிந்தார்கள், குர்தியர் என்று வேறொரு கட்டம் இருந்தும்.

சிரியா, லெபனான், இஸ்ரேலில் வாழும் துரூசு என்ற தனிச் சமயத்தவரின் கதை அரபியர் பக்கத்திலிருந்து இதே போன்றது. மொழி அரபி. 1043ஆம் ஆண்டோடு புதியவரைச் சேர்க்கும் கதவை மூடிவிட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக 1925இல் சிரியாவில் எழுந்த பெரும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சுல்தான் அல்-அத்ரஷ் துரூசு. தம்மை அரபியராகவே கருதிப் போராடியவர். ‘மதம் இறைவனுக்கு, தாய்நாடு எல்லோருக்கும்’ என்பது அந்தக் கிளர்ச்சியின் முழக்கம். அதே துரூசு மக்களை இஸ்ரேல் அரபியரிலிருந்து பிரித்துத் தனிக் கட்டத்தில் வைத்தது. ஒரே மக்கள், எல்லைக் கோட்டுக்கு இப்பக்கம் ஒரு பெயர், அப்பக்கம் ஒரு பெயர். தெற்கு ஈராக்கின் ஆற்றங்கரைகளில் ஓடும் நீரில் முழுக்காடும் மந்தேயர் என்ற சிறு சமயத்தவரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

பிறப்பால் மட்டும் சேரக்கூடிய சமயம், அந்தச் சமயத்தாலேயே ஒரு மக்களாக நிற்கும் கூட்டம். இதைத்தான் சமயக்குடி என்கிறேன். அவர்களுடைய சமயத்தைக் குறிக்க வேண்டுமென்றால் சொல்லைத் திருப்பிப்போட்டு ‘குடிச்சமயம்’ எனலாம். ‘யசீதிகள் குர்மாஞ்சி பேசும் ஒரு சமயக்குடியினர்’ என்று எழுதினால், அவர்கள் குர்தியரா இல்லையா என்பதை நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். இந்தச் சொல்லிடம் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இனி, வந்த மறுப்புகள்.

> ‘இனமதக் குழு’ என்று நேரே சொன்னால் என்ன?

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மதம் என்பதற்குச் செருக்கு, வெறி என்ற பொருளும் நம் மொழியில் உயிரோடு இருக்கிறது. யானைக்குப் பிடிப்பதும் மதம்தான். ‘இனமதக் குழு’ என்றால் இனவெறிக் கூட்டம் என்று காதில் விழுகிறது. இனப்படுகொலைக்கு ஆளானவர்கள் மீது அப்படிக் கேட்கும் ஒரு சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. சமயம் என்ற சொல்லில் அந்தத் தொல்லை கிடையாது. காலம் என்ற பொருள் உண்டு, ஆனால் குடியோடு சேரும்போது அது குறுக்கிடாது.

> குடி என்றால் சாதி வாடை அடிக்கிறதே.

அடிக்கத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழங்குடி, குடிமக்கள், குடியுரிமை என்று நாள்தோறும் எழுதுகிறோம், அங்கே யாருக்கும் சாதி நினைவு வருவதில்லை. பிறப்பு வழி என்ற பொருளைச் சுமக்க ஒரு சொல் வேண்டும், ‘குழு’ அதைச் சுமக்காது. குழுவில் யாரும் சேரலாம், விலகலாம்.

மட்டக்களப்பிலிருந்து எழுதிய அம்மாவின் மறுப்புதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. கிழக்கிலங்கையில் குடி என்பது தாய்வழி வரும் கிளை, அது தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு, சமயத்தைத் தாண்டி நிற்கும் ஒரு சொல்லைச் சமயத்தோடு கட்டுகிறீர்களே என்று கேட்டிருந்தார். உண்மை, அதை நான் எண்ணவில்லை. அம்மா, உங்கள் ஊர்ப் பேச்சில் ‘சமயக்குடி’ என்று கேட்டால் குழப்பம் வருமா, அல்லது அடைமொழி இருப்பதால் தெளிந்துவிடுமா? குழப்பம் வரும் என்றால் ‘சமயவழி மக்கள்’ என்று மாற்றிக்கொள்ளத் தயார். சொல் கொஞ்சம் தளர்கிறது, ஆனால் பொருள் கெடவில்லை.

லெபனானின் ஆட்சி முறைக்குச் சொல் கேட்ட நண்பருக்கு: அங்கே 18 சமயப்பிரிவுகள் சட்டப்படி ஏற்கப்பட்டவை, நாடாளுமன்றத்தின் 128 இடங்கள் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் சரிபாதி, கடைசி அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு 1932இல். நம்மிடம் வகுப்புவாரி என்ற நல்ல சொல் பழக்கத்தில் இருக்கிறது, அதே அச்சில் ‘சமயவாரி ஆட்சிமுறை’ எனலாம். தனி இழை திறந்தால் அங்கே பேசுவோம்.

ஒரு வேண்டுகோள். குர்தியர், பாரசீகர், அரபியர் ஆகிய மூவருக்கும் சமயக்குடியைப் பயன்படுத்த வேண்டாம். அவர்களுக்கு ‘இனக்குழு’வோ ‘தேசிய இன’மோ போதும். குர்தியரில் சுன்னி, ஷியா, அலெவி, யார்சானி எல்லாம் உண்டு. அரபியரில் மரோனைட், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் உண்டு. ஈராக்கையும் சிரியாவையும் ஆண்ட அரபு தேசியக் கட்சியான பாத் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மிஷெல் அஃப்லக் டமாஸ்கஸின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்பதை நம் கட்டுரைகளில் ஓரிடத்திலாவது சேர்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

யசீதிகள் கட்டுரையின் முதல் பத்தியைத் தம்பி திருத்தி இங்கே இடட்டும். மட்டக்களப்பு அம்மாவின் பதில் வரும்வரை சொற்பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

அன்புடன்.