பொடி தொழில்: எஃப்எஸ்எஸ்ஏஐ விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

பவானிப்பொடி (2024 பிப்ரவரி):
எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் வாடகை வீட்டில் இருந்தபடி இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கடலைப் பொடி செய்து விற்கிறேன். இதுவரை தெரிந்தவர்கள்தான் வாங்கினார்கள். இப்போது இரண்டு மளிகைக் கடைகளில் கேட்கிறார்கள், ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருந்தால்தான் வைப்போம் என்கிறார்கள்.

பக்கத்து பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டேன். திருத்தம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டதாம். எல்லா லைசென்ஸும் சேர்த்து முடித்துத் தர 8,000 ரூபாய் கேட்கிறார்கள். என்ன திருத்தம் என்று நானே பார்க்கலாம் என்றால் ஓடிபி அவர்கள் போனுக்குப் போகிறது. நகலில் தொழில் வகை ‘வீட்டுக் கேண்டீன் / டப்பாவாலா’ என்று இருக்கிறது. ஆதாரில் அம்மா வீட்டு முகவரி. என்ன செய்யட்டும்? பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் கடைக்கும் அனுப்பச் சொல்கிறார்கள்.

கொங்குத்தொக்கு:
தங்கச்சி, பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இப்போதைய (2024) விதிப்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் உங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயில் தேவை பதிவு மட்டும்தான், லைசென்ஸ் இல்லை. அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சிக்கல் தொழில் வகையில்தான் இருக்க வேண்டும். டப்பாவாலா என்பது சமைத்த சாப்பாடு கொடுப்பவர்களுக்கு. ‘வீடு’ என்ற சொல்லைப் பார்த்ததும் பல சென்டர்களில் அதைத் தட்டிவிடுகிறார்கள். பாக்கெட் போட்டு விற்கும் பொடி உற்பத்தியில் வரும். அப்புறம் முகவரி. ஆதாரில் வேறு ஊர் இருப்பது பரவாயில்லை, அது அடையாளச் சான்று. பொடி தயாராகும் இடத்துக்குத் தனிச் சான்று வேண்டும்: வாடகை ஒப்பந்தமும், வீட்டுக்காரர் பெயரில் உள்ள கரண்ட் பில் நகலும். வீட்டுக்காரரிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

சென்டர்காரர் போன் நம்பரில் கணக்கு இருப்பதை நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். நாளைக்குப் புதுப்பிக்கவும் முகவரி மாற்றவும் அவரிடமே போய் நிற்க வேண்டும். பேசாமல் எஃப்எஸ்எஸ்ஏஐ விண்ணப்பம் போடும் ஃபாஸ்கோஸ் தளத்தில் உங்கள் நம்பர், உங்கள் இமெயிலில் கணக்குத் திறந்து புதிதாகப் போடுங்கள். போனது 100 ரூபாய், போகட்டும். பழைய விண்ணப்ப எண்ணை உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். தளத்தில் மாட்டிக்கொண்டால் 1800112100, கட்டணமில்லா எண்.

ஆடிட்டர்_ஆபீஸ்:
ஜிஎஸ்டி பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். பெங்களூருக்குப் பில் போட்டு அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. ஒரே ஒரு பெட்டி என்றாலும் ஜிஎஸ்டி கட்டாயம். கொஞ்ச நாள் உள்ளூரிலேயே விற்றுக் கால் ஊன்றுங்கள், மாதாமாதம் கணக்கு கொடுக்கும் வேலை இப்போதே வேண்டாம்.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் போனிலேயே முடியும். அதே மாதிரி தோற்றத்தில் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு, முகவரி gov.in என முடிகிறதா என்று பாருங்கள்.

தராசுமுள்:
கடையில் வைக்கும் பாக்கெட் என்றால் எடையளவுச் சட்டமும் வரும். நம் மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. பாக்கெட் போட ஆரம்பித்த 90 நாளுக்குள் பாக்கெட் போடுபவராகப் பதிய வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை.

லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், பச்சைப் புள்ளி, சேர்மானம், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், முகவரி, புகார் சொல்ல போன் நம்பர் எல்லாம் வேண்டும். அதிகபட்ச விலையோடு கிராம் விலையும் போடணும்: 100 கிராம் 60 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.60 ரூபாய்.

பலரும் விடுவது ஒவ்வாமைக் குறிப்பை. கடலைப் பொடிக்கு நிலக்கடலை என்று போட்டுவிடுவார்கள். இட்லிப் பொடியில் கூட்டுப் பெருங்காயம் சேர்த்தால் அந்த டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்படியானால் உங்கள் லேபிளிலும் கோதுமை வர வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கும் வீட்டில் இந்த ஒரு வரியைத்தான் தேடிப் படிப்பார்கள்.

பவானிப்பொடி:
அண்ணா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. என் நம்பரில் புதிதாகப் போட்டேன், பதிவு வந்துவிட்டது. 2-இல் தொடங்கும் 14 இலக்க எண், சரிதானே? பெருங்காய டப்பாவில் கோதுமை மாவுதான் இருக்கிறது, அச்சகத்தில் லேபிளை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். அரைக்கும் மெஷின் வாங்கலாமா என்று ஒரு யோசனை. அதற்கு லோன் உண்டா?

கொங்குத்தொக்கு:
சரிதான். லைசென்ஸ் என்றால் 1-இல் தொடங்கும், பதிவுக்கு 2.

மெஷினுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிஎம்எஃப்எம்இ என்று கேளுங்கள், குறு உணவுத் தொழிலுக்கான திட்டம். இப்போதைய (2024) நிலவரப்படி திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம். உங்கள் பங்காக 10 சதவீதமாவது போட வேண்டும், மீதி வங்கிக் கடன். திட்ட அறிக்கை எழுதித் தர மாவட்ட அளவில் ஆள் வைத்திருக்கிறார்கள், அவருக்கு ஊதியம் அரசே கொடுக்கிறது. மெஷினை முன்னாடியே வாங்கிவிடாதீர்கள், கொட்டேஷன் மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். மோட்டார் வைப்பதற்கு முன்பு உள்ளாட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம் பற்றியும், மின்வாரியத்தில் குறுந்தொழிலுக்கான 3ஏ1 இணைப்பு பற்றியும் கேட்டுவிடுங்கள். வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டினால் அபராதம் வரும்.