வெள்ள நிவாரண நன்கொடைக்குக் கம்பெனியின் ஈடுதொகை: ரசீதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு), பேரோல் (சம்பளப் பட்டியல்) பார்க்கிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ஊழியர் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கம்பெனி ஒரு ரூபாய், ஆளுக்கு 10,000 வரை என்று திட்டம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுற்றறிக்கை போயாக வேண்டும்.

கம்பெனி போடும் பங்கு மட்டும்தான் சிஎஸ்ஆர் செலவு. ஊழியர் பணத்தை அதில் சேர்க்க முடியாது. முதல்வர் நிவாரண நிதி கம்பெனிச் சட்டத்தின் அட்டவணை 7-இல் (சிஎஸ்ஆராக ஏற்கப்படும் செலவுகளின் பட்டியல்) வராது என்று 2020 ஏப்ரலில் கம்பெனி விவகார அமைச்சகமே சொல்லிவிட்டது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்தால் கணக்கில் வரும். தொண்டு நிறுவனம் என்றால் சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவெண் கட்டாயம். இதுவரை சிக்கலில்லை.

இடிக்கிற இடம் ரசீது. சம்பளத்தில் பிடித்து ஒரே நெஃப்டில் மொத்தமாக அனுப்பினால், தொண்டு நிறுவனம் 10பிஇ சான்றைக் (வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்று) கம்பெனியின் பான் எண்ணில் போட்டுவிடுகிறது. 80ஜி கழிவு (நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு) கேட்கும் ஊழியர் கையில் காகிதமே இருக்காது. (புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, அதனால் சண்டையும் கிடையாது.)

பணத்தோடு பெயர், பான், தொகை போட்ட எக்செல் அனுப்பினால் தனித்தனி சான்று உண்மையிலேயே வருகிறதா? அல்லது ஊழியரையே நேரடியாகக் கட்டச் சொல்லி, ரசீது பார்த்து ஈடுதொகை போடுகிறீர்களா? அப்படியென்றால் ஒரே ரசீது இரண்டு பேர் பெயரில் வந்தால் யுடிஆர் எண்ணை (வங்கிப் பரிமாற்ற எண்) வைத்துப் பிடிக்கிறீர்களா? ரசீது கொடுக்க எத்தனை நாள் கெடு? போர்டிடம் (இயக்குநர் குழு) உச்சவரம்பாக ஒரு மொத்தத் தொகைக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுகிறீர்களா?